எந்தச் சட்டத்துக்கு எந்த உறுப்பினர்: மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம்

மதுரைப் பக்கம் எம்.எல்.ஏ. என்றால் காதுகுத்துக்கு வந்து மொய் வைப்பவர், சாக்கடை அடைத்தால் அதிகாரியைக் கூப்பிட்டுச் சத்தம் போடக்கூடியவர், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் சிபாரிசுக் கடிதம் தருபவர். அரசியலமைப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் இவை எதுவுமே இல்லை. சட்டம் இயற்றுவது, வரி போடவும் செலவழிக்கவும் அரசுக்கு அனுமதி தருவது, அமைச்சரவையிடம் கணக்குக் கேட்பது: இந்த மூன்றும்தான் அவர் வேலை. இங்கே முதல் வேலையைப் பற்றி மட்டும் பேசலாம். ஒரு சட்டம் வேண்டும், அல்லது இருக்கிற சட்டம் மாற வேண்டும் என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் யாரிடம் போக வேண்டும், போய் எதைக் கேட்க வேண்டும்? இது தெரியாததாலேயே நியாயமான கோரிக்கைகள் பல, தவறான மேசையில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். நாளிதழில் 'சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதுகிறார்கள். 'பேரவை உறுப்பினர்' என்பது இன்னும் துல்லியமானது. ஏனென்றால் அரசியலமைப்பின் 168ஆவது பிரிவுப்படி, மாநிலச் சட்டமன்றம் என்பது ஆளுநரும் பேரவையும் சேர்ந்தது. ஆளுநர் விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டார், வாக்களிக்க மாட்டார். ஆனாலும் பேரவையில் நிறைவேறியது அவர் மேசைக்குப் போயாக வேண்டும் என்பதால் அவரும் சட்டமன்றத்தின் ஓர் அங்கம். 1986 நவம்பர் 1 வரை நமக்கு மேலவையும் இருந்தது. அதன் உறுப்பினர்கள் எம்.எல்.சி. பழைய பள்ளிக் கட்டடங்களின் திறப்புவிழாக் கல்வெட்டில் அப்படிப் பார்த்தால், எழுத்து மாறிச் செதுக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மேலவையைத் திரும்பக் கொண்டுவர 2010இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை.

எம்.பி.யை நாம் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்போம், இலங்கைத் தமிழர் 'பாராளுமன்ற உறுப்பினர்' என்பார்கள். இரண்டும் ஒரே வேலையைக் குறிக்கும். அதற்குக் கீழேதான் குழப்பம் தொடங்குகிறது. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் இருப்பவர்கள் 'மாமன்ற உறுப்பினர்கள்', மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் 'நகர்மன்ற உறுப்பினர்கள்', அலங்காநல்லூர், பாலமேட்டில் 'பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள்'. எல்லாப் பெயரிலும் 'மன்றம்' இருக்கிறது. ஆனால் சட்டம் இயற்றும் அதிகாரம் பேரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் மட்டுமே. மாமன்றம் தீர்மானம் போடலாம், சட்டம் அனுமதித்த எல்லைக்குள் துணைவிதிகள் செய்யலாம், அவ்வளவுதான். மாநகராட்சியின் அதிகாரங்களை வகுக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்பதே சென்னையில் இயற்றப்பட்டது. அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரும்வரை மதுரைக்கென்று 1971ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருந்தது. ஆகவே சொத்துவரிச் சீட்டில் தவறு என்றால் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திடமும் போகலாம். சொத்துவரியைக் கணக்கிடும் சட்டமே மாற வேண்டும் என்றால் கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை.

பாண்டிய நாட்டில் 'மன்றம்' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுகள் பழையது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறார்கள். சபையில் பங்கெடுத்துப் பேசுவதை அது 'மன்றாடுதல்' என்கிறது. எதைச் சொன்னாலும் 'அன்று' என்று குறுக்கே நின்று தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். மறுப்பே கூடாது என்பது அதன் பொருளாகாது. எல்லாவற்றையும் மறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவரைத்தான் அது தண்டித்தது. அவையில் உரிமையோடு பேசுவதைக் குறித்த அந்தச் சொல் இன்று கெஞ்சுவதைக் குறிக்கிறது.

இனி அதிகாரப் பங்கீடு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ரயில், தேசிய நெடுஞ்சாலை, விமான நிலையம் எல்லாம் மத்தியப் பட்டியல். காவல்துறை, உள்ளாட்சி, சுகாதாரம், நிலம், விவசாயம் மாநிலப் பட்டியல். கல்வி, அறநிலையங்கள், விலங்குவதைத் தடுப்பு போன்றவை பொதுப் பட்டியல்; அதில் இரு தரப்பும் சட்டம் இயற்றலாம், இரண்டும் முரண்பட்டால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். கோரிக்கை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்காமல் மனு எழுதக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை மதுரை மாவட்டம் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

ஒன்று ஜல்லிக்கட்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்காகப் பேரவை 2009இலேயே ஒரு சட்டம் இயற்றியது: தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். 2011இல் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், 2009ஆம் ஆண்டுச் சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊர்க்காரர்களுக்கு அது பேரதிர்ச்சி. நம் பேரவை இயற்றிய சட்டத்தை எப்படித் தள்ளலாம் என்று கேட்டார்கள். பதில் 254ஆவது பிரிவில் இருக்கிறது. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டும் நிற்க வேண்டுமென்றால், அது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டு அவர் ஒப்புதலைப் பெற வேண்டும்.

2016 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு விலக்குக் கொடுத்துப் பார்த்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் தடுப்பதை அறிவிக்கை கொண்டு திறக்க முயன்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். 2017 ஜனவரியில் மதுரையில் தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் கூட்டம் திரண்டபோதுதான் சரியான கதவு தட்டப்பட்டது. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம். 23 அன்று பேரவை கூடியதும் அன்றே சட்டமுன்வடிவு (மசோதா) நிறைவேறியது. மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இந்த முறை வரைவாளர்கள் செய்தது என்னவென்றால், தனியாக ஒரு ஜல்லிக்கட்டுச் சட்டம் எழுதாமல், 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தினார்கள். தடை எந்தச் சட்டத்தில் இருந்ததோ அந்தச் சட்டத்துக்குள்ளேயே விலக்கு வந்து உட்கார்ந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று அதை ஏற்றுக்கொண்டது. 2009க்கும் 2017க்கும் பேரவையின் அக்கறையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வரைவிலும், போன வழியிலும் இருந்தது.

அதே வழி எல்லா நேரமும் திறக்கும் என்றும் சொல்ல முடியாது. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட முன்வடிவு 2021 செப்டம்பரில் நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரலில் பேரவையில் வந்தது. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம்வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, பிறகு பொதுப் பட்டியலுக்குப் போனது. அதன் விளைவைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இரண்டாவது, மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க விவகாரம். அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள நாயக்கர்பட்டி கனிமத் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர். 2024 நவம்பரில் ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டியின் ஒரு பகுதி 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசால் அறிவிக்கப்பட்ட இடம். மேலூர்ப் பகுதிக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. பேரவை டிசம்பர் 9 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் பேரவைத் தீர்மானத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது. அது ஒரு வேண்டுகோள், கனமான வேண்டுகோள். கனிம மேம்பாடு மத்தியப் பட்டியலின் 54ஆவது பொருள். 2023இல் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்துவிட்டது. ஏல வருமானம் மாநிலத்துக்கு வரும், ஆனால் ஏலம் விடுவது மத்திய அரசு. இந்த நிலையில் எம்.எல்.ஏ.யிடம் 'சட்டம் போட்டுத் தடுங்கள்' என்று கேட்டிருந்தால் அவர் கையில் அதற்கு அதிகாரமில்லை. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகருக்குள் நடந்து வந்த விவசாயிகள் தங்கள் கோரிக்கையை மத்திய அரசை நோக்கியே வைத்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்த ஏலம்தான் ரத்தானது, 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்ல வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாவட்டத்தில் பேரவைத் தொகுதிகள் பத்து. ஆனால் மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வருபவை மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தியம், மேற்கு ஆகிய ஆறுதான். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியில். சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில். ஆக, சோழவந்தான் தொகுதிக்குள் வரும் பாலமேட்டுக்காரர் மதுரை எம்.பி.யிடம் கொடுக்கும் மனு, அவருடைய உறுப்பினருக்குப் போகாத மனு.

முன்வடிவு எப்படிச் சட்டமாகிறது? துறை வரைகிறது, சட்டத்துறை சரிபார்க்கிறது, அமைச்சரவை ஏற்கிறது, துறை அமைச்சர் பேரவையில் அறிமுகப்படுத்துகிறார். பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, பொது விவாதம், கூறு கூறாக வாக்கெடுப்பு, நிறைவேற்றம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். எண்ணிக் கணிக்கச் சொல்லி யாராவது கேட்டால்தான் தலைகள் எண்ணப்படும். பின்னர் ஆளுநர்: ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். ஆளுநர் முன்வடிவைக் கிடப்பில் வைப்பது பற்றி 2025இல் உச்ச நீதிமன்றம் இரு முறை பேசியது. ஏப்ரலில் தமிழ்நாட்டின் பத்து முன்வடிவுகள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துச் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் முடியாது என்றது. அதேவேளை காரணமின்றிக் காலவரையறையில்லாமல் வைத்திருப்பதையும் அது ஏற்கவில்லை.

இந்த வரிசையில் உறுப்பினர் உண்மையிலேயே சட்டம் இயற்றுபவராக இருக்கும் இடம், கூறு கூறாக எடுக்கும் கட்டம். திருத்தம் கொடுக்கலாம், ஒரு சொல்லை மாற்றச் சொல்லலாம், ஒரு விலக்கைச் சேர்க்கச் சொல்லலாம். வருத்தம் என்னவென்றால் இந்தக் கட்டத்துக்குத்தான் நம் பேரவை குறைந்த நேரம் கொடுக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் முன்வடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைவேறிவிடுகின்றன. தெருவிளக்குக்கும் சாலைக்கும் மட்டுமே நாம் உறுப்பினரைக் கேட்கிறவரை, முன்வடிவைப் படித்துவிட்டுப் போக அவருக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அந்த நெருக்கடியை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நாளில் போய் 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடலாம். துறை வரைவு தயாரிக்கும்போது, அல்லது கட்சி நிலைப்பாடு எடுப்பதற்கு முன், எழுத்தில் கொடுப்பதுதான் பலிக்கும். தனி உறுப்பினர் ஒருவரே முன்வடிவு கொண்டுவர வழியிருக்கிறது. ஆனால் நாடாளுமன்ற வரலாற்றில் அப்படி வந்து சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970இல். திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்தது 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. என்றாலும் அந்தப் பிரச்சினையை அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. இந்த வழிக்கு அந்தப் பயன் உண்டு.

அவசரச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோதுதான் ஆளுநர் அதைப் பிறப்பிக்க முடியும். பேரவை கூடி ஆறு வாரங்களுக்குள் சட்டமாக்காவிட்டால் காலாவதியாகிவிடும். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, அதைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை. அப்படி நுழைந்தவர்களும் கோயில் அதிகாரிகளும் வழக்கில் சிக்காமல் இருக்க முதலில் அவசரச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் காப்புச் சட்டமாக நிறைவேறியது. அன்று உள்ளே சென்றவர்களில் தும்பைப்பட்டி கக்கனும் ஒருவர். பின்னாளில் அவர் அரசியல் நிர்ணய சபையிலும் மக்களவையிலும் சென்னைப் பேரவையிலும் உறுப்பினராக இருந்தார், மாநில உள்துறை அமைச்சரானார். ஊர்த் தெருவில் தடுக்கப்பட்டவர் சட்டம் இயற்றும் மூன்று அவைகளிலும் உட்கார்ந்த அந்த வரலாறு மேலூர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டியது.

மனு எழுதும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, தடை எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. சட்டம், அதன் கீழ் விதிகள், அதன் கீழ் அரசாணை, அதற்கும் கீழ் சுற்றறிக்கை. ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொண்டால், நடத்தலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆட்சியரின் அனுமதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, தடுப்புவேலி எல்லாம் விதிகளில் வரும். இந்த வருடம் எத்தனை மணிக்கு டோக்கன் என்பது நிர்வாக உத்தரவு. டோக்கன் பிரச்சினைக்குச் சட்டத்திருத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆட்சியரிடம் கேட்டால் ஒரு வாரத்தில் முடியும். மறுபக்கம், சட்டத்திலேயே இருக்கும் தடையை நீக்கச் சொல்லி ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எத்தனை முறை கொடுத்தாலும் 'பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதில்தான் வரும். விதிகளைச் செய்வது அரசு. அவை அரசிதழில் வெளியாகி, பேரவையின் முன் வைக்கப்படும். உறுப்பினர் ஆட்சேபம் தெரிவிக்க அங்கே இடமுண்டு, பயன்படுத்துபவர்தான் குறைவு.

எனவே மனுவில் சட்டத்தின் முழுப்பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். இப்போது இருக்கும் வாசகம் ஒரு வரி, நீங்கள் கேட்கும் வாசகம் ஒரு வரி. அதனால் இந்த ஊரில் யார் எப்படிப் பாதிக்கப்படுகிறார்கள் என்பது ஒரு பத்தி. உறுப்பினர் அதைக் கேள்வியாகவோ கவன ஈர்ப்பாகவோ மானியக் கோரிக்கையின்போது (துறையின் செலவுக்கு அரசு அனுமதி கேட்கும்போது) அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமாகவோ எடுத்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று நீங்களே குறிப்பிட்டுக் கொடுத்தால் அவருடைய உதவியாளருக்கு வேலை எளிது. தொகுதி மேம்பாட்டு நிதியில் முடியக்கூடிய நிழற்குடை, சமுதாயக்கூடத்தை இதோடு சேர்த்து எழுதவே கூடாது. அது வேறு கோப்பு. எளிதான அதை முடித்துவிட்டு மற்றதை மூடிவிடுவார்கள்.

உறுப்பினர் கண்டுகொள்ளவில்லை என்றாலும் பேரவைக்கு நேராக ஒரு வழி இருக்கிறது: மனுக்கள் குழு. இந்தக் குழு மாவட்டந்தோறும் சென்று ஆய்வு செய்யும், வருவதற்கு முன் கடைசித் தேதியோடு ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வரும். தமிழில், ஐந்து நகல்கள், தேதியோடு கையெழுத்து, 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009' என்ற முகவரி. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும் விஷயம், வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கடன், பணியிட மாற்றம் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. ஏற்கெனவே துறைக்குக் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்களையும் பின்னால் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள், 'பல ஆண்டுகள்' என்பதற்கு அவைதான் சான்று.